சீக்கிரம் கிளம்புங்கள், பக்கத்திலேயே தங்குங்கள்

கேள்வி:

ஃபுளோரிடாவில் பினெல்லஸ் கவுண்டியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே சொந்த வீட்டில் இருக்கிறோம். புயல் வந்தால் எந்தப் பகுதியினர் வெளியேற வேண்டும் என்று கவுண்டி (மாவட்டம்) வகுத்திருக்கும் வெளியேற்ற மண்டலங்களில் எங்கள் வீடு 'பி'யில் வருகிறது. ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு குழந்தைகள். ஆகஸ்ட் கடைசியில் மாமனாரும் மாமியாரும் திருச்சியிலிருந்து முதல்முறையாக எங்களைப் பார்க்க வருகிறார்கள். சென்னையில் ஏறி, ஐரோப்பா வழியாக டாம்பாவில் இறங்குகிறார்கள். அக்டோபர் 10 அன்று திரும்பும் டிக்கெட். மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூட்டுவலியால் காரில் நெடுநேரம் உட்கார முடியாது. செப்டம்பர் நடுவில் நியூ ஜெர்சியிலிருந்து நாத்தனார் குடும்பமும் வந்து, எல்லோருமாக ஆர்லாண்டோ போவதாகத் திட்டம்.

2024இல் மில்டன் புயல் வந்தபோது கடைசி நேரத்தில் கிளம்பி அட்லாண்டா போனோம். வழியெல்லாம் நெரிசல், பெட்ரோல் கிடைக்கவில்லை, குழந்தைகளுக்கு வாந்தி. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அன்றிலிருந்து என் கணவர், "இந்த ஊரைப் புயல் தொடாது, இனி எதற்கும் வீட்டைவிட்டு நகர மாட்டேன்" என்கிறார். எனக்கோ இப்போதே தூக்கம் வரவில்லை. பெரியவர்களின் பயணத்தை ரத்து செய்துவிடலாமா? புயல் வருகிறது என்றால் டிக்கெட்டை எப்போது மாற்றுவது? கிளம்புவதா, வீட்டில் இருப்பதா? திரும்பும் விமானம் ரத்தானால் விசாவில் சிக்கல் வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியவர்களின் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும். உங்கள் மாமனார் மாமியார் தங்கப் போகும் ஆறு வாரமும் அந்த உச்சத்திலேயே விழுகிறது என்பது உண்மைதான். டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்டிருந்தால் டிசம்பருக்கு மேல் வரச் சொல்லுங்கள் என்றிருப்பேன். எடுத்தாகிவிட்டது, பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஊரை, குறிப்பிட்ட ஆறு வாரத்துக்குள் ஒரு பெரும்புயல் நேராகத் தாக்கும் வாய்ப்பு குறைவு. அந்தக் குறைந்த வாய்ப்புக்கு, வானம் தெளிவாக இருக்கும் இப்போதே ஒரு திட்டம் போட்டுவைத்தால் போதும்.

மில்டன் பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புயல் காலத் திட்டமிடலைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியது சரி. தாமதமாகக் கிளம்பியதும், தேவைக்கு மேல் தூரம் போனதும்தான் உங்களை வாட்டியிருக்கின்றன. உங்கள் கணவருக்கு அந்தப் பயணத்தின் மீது இருக்கும் கோபம் நியாயமானது. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் ஆபத்தானது.

முதலில் "இந்த ஊரைப் புயல் தொடாது" என்ற நம்பிக்கை. உங்கள் ஊர் இருக்கும் டாம்பா விரிகுடாப் பகுதியை ஒரு பெரும்புயல் கடைசியாக நேராகத் தாக்கியது 1921 அக்டோபரில். நூறாண்டுக்கு மேல் தப்பித்துவிட்டதால், தப்பிப்பதே இந்த ஊரின் இயல்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 2024 செப்டம்பர் 26 அன்று கரையேறிய ஹெலீன் புயலை எண்ணிப் பாருங்கள். அதன் மையம் உங்கள் ஊருக்கு 100 மைலுக்கும் அப்பால் கடலிலேயே கடந்து, வடக்கே பெர்ரி நகருக்கு அருகில்தான் கரையேறியது. அப்படியிருந்தும் அது தள்ளிக்கொண்டு வந்த கடல் நீர் டாம்பா விரிகுடாவில் பழைய அளவுகளையெல்லாம் மிஞ்சியது. பினெல்லஸ் கடலோர வீடுகளில் இரவோடு இரவாக நீர் புகுந்தது, உயிர்களும் போயின. புயல் ஊரைத் தொடாமலே நடந்தது இது.

இரண்டே வாரத்தில், அக்டோபர் 9 இரவு மில்டன் வந்தது. அதன் மையம் உங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீ அருகே கரையேறியதால், உங்கள் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி விரிகுடாவின் நீரை வெளியே இழுத்தது. அதே மையம் சில பத்து மைல் வடக்கே கரையேறியிருந்தால் அதே காற்று கடலை உள்ளே தள்ளியிருக்கும். 'பி' மண்டலத்தில் இருக்கும் உங்கள் வீட்டின் வரவேற்பறையில் உப்புத் தண்ணீர் நின்றிருக்கக்கூடும். அந்தச் சில பத்து மைல் எந்தப் பக்கம் என்று முந்தின நாள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீடு தப்பியது புயலின் தடத்தால். அதை வீட்டின் வலிமைக்கோ, ஊரின் ராசிக்கோ கணக்கு எழுதாதீர்கள். உங்கள் கணவருக்கு இந்த ஒரு விவரத்தை வரைபடத்தோடு காட்டுங்கள். படித்தவர், எண்களை மதிப்பவர் என்றால் இது அவருக்குப் புரியும்.

இந்தப் பேச்சைப் பெரியவர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்பா அம்மா முன்னால் எடுத்தால் எந்த மகனும் தன் பிடியைத் தளர்த்த மாட்டான். மாமனாரும் தம் பங்குக்கு, "2018இல் கஜாவையே பார்த்தவர்கள் நாங்கள்" என்று சொல்லக்கூடும். அவர் அனுபவத்தை மதிக்க வேண்டும். ஆனால் திருச்சியில் அவர் பார்த்தது கரையிலிருந்து வெகுதூரம் வந்து தணிந்த காற்றை. உங்கள் வீட்டுக்கு வரக்கூடியது கடல். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இத்தகைய புயல்களால் நேரடியாக உயிரிழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள். அவர்களில் பாதிப் பேரைக் கொண்டுபோனது கரைக்குள் ஏறிய கடல் நீர். தொலைக்காட்சியில் ஒன்று முதல் ஐந்து வரை சொல்கிறார்களே, அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் அளக்கிறது. எவ்வளவு கடல் நீர் ஏறும், எவ்வளவு மழை கொட்டும் என்பதை அது சொல்வதே இல்லை. "இரண்டாம் வகைதானே" என்று யாராவது வீட்டில் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபுளோரிடாவில் என் தொழிலில் இருப்பவர்கள் காலங்காலமாகச் சொல்வது: தண்ணீரைக் கண்டு ஓடு, காற்றைக் கண்டு ஒளிந்துகொள். உங்கள் கவுண்டி 'பி' மண்டலத்துக்கு வெளியேறும்படி உத்தரவிட்டால், நீங்கள் கிளம்ப வேண்டும். மில்டனுக்கு 'ஏ', 'பி', 'சி' மூன்றுக்கும் உத்தரவு வந்தது நினைவிருக்கும். வெள்ளக் காப்பீட்டுக்குப் பயன்படும் வெள்ள மண்டலம் வேறு, வெளியேற்ற மண்டலம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி எப்போது கிளம்புவது. குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லோரும் புயல் கரையேறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "புதன் இரவுதானே வருகிறது, புதன் காலை கிளம்பலாம்" என்ற கணக்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. மையம் வருவதற்கு வெகுநேரம் முன்பே காற்றும் மழையும் வந்துவிடும். மில்டன் கரையேறியது இரவில்; ஆனால் அன்று பிற்பகலிலேயே, மாநிலத்தின் மறுகரையில் உள்ள செயின்ட் லூசி கவுண்டியில், அதன் வெளிவட்டத்திலிருந்து கிளம்பிய சுழற்காற்று ஆறு பேரைக் கொன்றுவிட்டது. ஆகவே மணிக்கு 39 மைல் வேகக் காற்று உங்கள் ஊரை எட்டும் நேரத்தைப் பாருங்கள். ஏணி வைத்து ஜன்னல் அடைப்பதும், காரில் பாலம் கடப்பதும் அந்த வேகத்தில் ஆபத்தாகிவிடும். பினெல்லஸ் ஒரு தீபகற்பம். டாம்பா பக்கம் போக ஹோவர்ட் ஃபிராங்க்லண்ட், காண்டி, கோர்ட்னி கேம்பல் பாலங்கள். தெற்கே போக ஸ்கைவே பாலம். காற்று ஏறினால் உயரமான ஸ்கைவேயை மூடிவிடுவார்கள். கடல் ஏறினால் தாழ்வான சாலைகள் மூழ்கிவிடும்.

மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம், ஒவ்வொரு புயலுக்கும் அந்த 39 மைல் காற்று எப்போது வரும் என்று இரண்டு வரைபடங்கள் வெளியிடுகிறது. ஒன்று, பெரும்பாலும் எப்போது வரும் என்பது. மற்றது, முந்திக்கொண்டு வந்தால் எப்போது வரக்கூடும் என்பது. நீங்கள் இரண்டாவதை மட்டும் பாருங்கள். அதில் போட்டிருக்கும் நேரத்துக்கும் முன்னால் காற்று வந்துவிடுவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புதான். புயல் அறிக்கைகள் கிழக்கு நேரப்படி காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். கரைக்கு எச்சரிக்கை விடுத்த பிறகு இடையிலும் வரும். இந்த நான்கு நேரம் போதும். அரைமணிக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் வண்ணப் படங்களைப் பார்ப்பதால் பயம்தான் வளரும். அவற்றில் பாதி ஏதோ ஒரு கணினி மாதிரியின் ஒற்றைக் கோடு.

அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காற்று முந்தி வந்தால் புதன் காலை 8 மணி என்று வரைபடம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் இருக்கும் குடும்பம் இருட்டில் அறிமுகமில்லாத வீட்டில் போய் இறங்கக் கூடாது. செவ்வாய் பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கும் வழிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாமனார் இறங்கி நடக்கவும், குழந்தைகளுக்குக் கழிப்பறைக்கும் நிறுத்த வேண்டியிருக்கும். ஆக, செவ்வாய் காலை பலகாரம் முடிந்ததும் கார் நகர வேண்டும். மூட்டை கட்டுவதும் வீட்டை அடைப்பதும் திங்கட்கிழமை வேலை. அப்படியானால் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஞாயிறு இரவு 11 மணி அறிக்கையோடு அல்லது திங்கள் காலை 5 மணி அறிக்கையோடு. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஹரிக்கேன் மையம் 'வாட்ச்' (புயல் வரக்கூடும்) அறிவிப்பை விடுக்கும். அந்தக் காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பு. 'வார்னிங்' (புயல் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது) வருவது 36 மணி நேரம் முன்பு. கவுண்டியின் உத்தரவு அதற்கு முன்பும் வரலாம், பின்பும் வரலாம். உங்கள் வீட்டுக்கான விதியை நான் இப்படி வகுப்பேன்: பெரியவர்கள் இருக்கும்வரை, 'வாட்ச்' வந்தாலோ உத்தரவு வந்தாலோ, எது முந்துகிறதோ அதற்குக் கிளம்புவது. இதில் விவாதமில்லை. உங்கள் கணவரும் நீங்களும் இதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். புயல் நேரத்தில் களைத்துப்போன இருவர் பேசி முடிவுக்கு வருவது கடினம். ஒட்டிவைத்த தாளைப் படித்து நடப்பது எளிது.

புயல் செய்திகளில் காட்டும், கூம்பு போன்ற அந்த வெள்ளை வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புயலின் மையம் பெரும்பாலும் எந்தப் பாதைக்குள் போகும் என்பதைத்தான் அது காட்டுகிறது. கடந்த ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி அதன் அகலத்தை வைத்திருக்கிறார்கள். அதாவது மூன்றில் ஒரு முறை மையம் அதைவிட்டு வெளியே போகலாம். கூம்புக்கு வெளியே இருப்பதால் பாதிப்பில்லை என்று ஆகாது. ஹெலீனே சாட்சி.

அடுத்து, எங்கே போவது. அட்லாண்டா வேண்டாம். கடல் நீரிலிருந்து தப்பிக்கச் சில பத்து மைல் போதும். சில நூறு மைல் தேவையில்லை. 2005இல் ரீட்டா புயலுக்கு ஹூஸ்டனிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வடக்கே கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்தப் புயலைவிட அதற்கான வெளியேற்றமே அதிக உயிர்களைக் கொண்டுபோனது. மாமனாரின் மூட்டுவலியையும் இன்சுலினையும் வைத்துக்கொண்டு இன்னொரு அட்லாண்டா பயணம் என்னைப் பொறுத்தவரை கூடாத ஒன்று.

கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நியூ டாம்பாவிலோ வெஸ்லி சேப்பலிலோ லேக்லண்டிலோ உங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் கட்டாயம் இருக்கும். இப்போதே பேசிவையுங்கள். 2002க்குப் பிறகு கட்டிய வீடாக இருந்தால் நல்லது. 1992இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவை நொறுக்கிய பாடத்தில் பிறந்த கடுமையான மாநிலக் கட்டட விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. ஜன்னல் அடைப்புகள் இருக்கின்றனவா, வெளியேற்ற மண்டலத்துக்கு வெளியே இருக்கிறதா, ஆற்றையோ ஏரியையோ ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மில்டன் மழையில் உள்நாட்டு ஆறுகளும் கரை மீறின. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை மாமனாருக்கு வேண்டும். கூச்சப்படாதீர்கள், அடுத்த புயலுக்கு அவர்கள் உங்கள் உதவியைக் கேட்கலாம்.

ஒரே இடத்தை நம்பவும் வேண்டாம். 2004 ஆகஸ்டில் சார்லி புயல் டாம்பாவுக்கு வருகிறது என்று பலர் ஆர்லாண்டோவுக்குப் போனார்கள். சார்லி கடைசி நேரத்தில் திரும்பி, புண்டா கோர்டாவில் ஏறி, குறுக்கே போய் ஆர்லாண்டோவையே அடித்தது. ஆகவே வடகிழக்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரண்டு வீடுகள் மனதில் இருக்கட்டும். புயல் வரும் திசை பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். மலைப்பக்கம் போனால் பத்திரம் என்றும் எண்ணாதீர்கள். ஹெலீனின் மழை வட கரோலினாவில் ஆஷ்வில் பகுதியையும் 40ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலையின் ஒரு பகுதியையும் அடித்துக்கொண்டு போனது.

எந்த வீடும் அமையாவிட்டால் கவுண்டியின் முகாம் இருக்கிறது, பெரும்பாலும் பள்ளிக்கூடம். கட்டில், மெத்தை எதிர்பார்க்க முடியாது. தரையில் விரிக்க நீங்களே கொண்டுபோக வேண்டும். முழங்கால் மடக்க முடியாத பெரியவருக்கு இது பெரிய துன்பம். மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கான தனி முகாம்களும் உண்டு. அவற்றுக்கு முன்பதிவு அவசியம். மாமனாரின் நிலை அதற்குத் தகுதி பெறுமா என்று அவர் வருவதற்கு முன்பே கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். புயலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தொலைபேசி எண் கிடைக்காது.

மாமனாரின் மருந்துகளைப் பொறுத்தவரை, தங்கும் காலத்தைவிட ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வாங்கி வரச் சொல்லுங்கள். எல்லாம் கைப்பையில், இரண்டாகப் பிரித்து. இந்திய மருந்துகளின் வணிகப் பெயர்கள் இங்குள்ள மருத்துவர்களுக்குப் புரியாது. திருச்சி மருத்துவரிடமே மூலப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வரட்டும். மின்சாரம் போனால் இன்சுலின் கெட்டுவிடும் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். இன்சுலின் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் குளிர்ப்பதனம் இல்லாமலும் பொதுவாக 28 நாள்வரை பயன்படும். அவருடைய வகைக்கு எவ்வளவு நாள் என்று பெட்டியில் உள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மின்சாரம் இல்லாத வீட்டுக்குள் வெப்பம் அதைத் தாண்டும் என்பதால் ஒரு குளிர்ப்பெட்டி வேண்டும். பனிக்கட்டியை இன்சுலின் நேராகத் தொடக் கூடாது. உறைந்துபோனால் அது பயன்படாது. துண்டில் சுற்றி வையுங்கள்.

சாப்பாட்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஃபுளோரிடா வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்புதான். மின்சாரம் போனால் சோறு வடிக்க முடியாது. சர்க்கரைக்காரர் வேளை தவறக் கூடாது. அவல், சத்துமாவு, வேர்க்கடலை, பழம், ரொட்டி என்று அடுப்பில்லாமல் சமாளிக்கும்படி மாமியாரோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள். அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். கையில் பொறுப்பு இருந்தால் பயம் குறையும்.

இப்போது டிக்கெட். இதில் பொறுமைதான் பணம். புயல் செய்தி வந்ததும் பதறிப்போய் நீங்களாகவே ரத்து செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் உங்கள் டிக்கெட்டின் நிபந்தனைகள்தான் பொருந்தும். பெரும் பகுதி போய்விடலாம். விமான நிறுவனம் ரத்து செய்து, மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், திருப்பித்தராத டிக்கெட்டாக இருந்தாலும் முழுப்பணத்தையும் திருப்பித்தர வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. சர்வதேசப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. உள்நாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம். ஆனால் காரணம் வானிலை என்றால் ஹோட்டல் செலவை நிறுவனம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்து செய்வதற்கு முன்பே, பாதிக்கப்படும் விமான நிலையங்களின் பட்டியலைப் போட்டு, கட்டணமின்றித் தேதி மாற்றலாம் என்று பெரும்பாலான நிறுவனங்கள் அறிவிக்கும். நீங்கள் காத்திருக்க வேண்டியது இந்த அறிவிப்புக்கு. வந்த உடனே, அன்றே மாற்றுங்கள். மறுநாள் இருக்கைகள் இருக்காது. எந்தத் தேதிக்குள் பயணம் செய்தால் கட்டண வித்தியாசம் கேட்க மாட்டார்கள் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். மில்டனின்போது டாம்பா விமான நிலையத்தை அக்டோபர் 8 காலையிலேயே நிறுத்திவிட்டு 11ஆம் தேதிதான் திறந்தார்கள். புயல் கரையேறியது 9 இரவு. கரையேறும் நாளுக்கு முந்தின நாள் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் தவித்துப்போனார்கள். பெரியவர்கள் திரும்பும் நாளில் புயல் அச்சம் இருந்தால், முன்னால் தள்ளுவதைவிடப் பின்னால் தள்ளுவதையே நான் விரும்புவேன், ஒரு வாரம் தள்ளி.

வரும்போதே புயல் குறுக்கிட்டால் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: நாத்தனார் வீடு. டாம்பாவுக்குப் பதில் நியூ ஜெர்சியில் உள்ள நியூவார்க்குக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடமோ டிக்கெட் எடுத்துக்கொடுத்த முகவரிடமோ கேளுங்கள். மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும். ஆனால் முறைப்படி மாற்றிய பிறகே. "வழியில் இறங்கிவிடுங்கள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லாமல் ஒரு பகுதியை விட்டுவிட்டால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள். பெட்டிகளும் டாம்பாவுக்குப் போகும். பயணக் காப்பீடு எடுக்க எண்ணமிருந்தால் இன்றே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பொருந்தாது.

விசா பற்றிய கவலையை விடுங்கள். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது, அமெரிக்காவுக்குள் நுழையும்போது செய்யும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதி. சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வந்தவர்கள் அக்டோபரில் ஒரு வாரம் கூடத் தங்குவதால் ஒன்றும் ஆகாது. அவர்கள் வந்து இறங்கிய வாரத்திலேயே இணையத்தில் அந்தப் பதிவை எடுத்து, தேதியைக் கண்ணால் பார்த்து, அச்செடுத்து வையுங்கள். அதனோடு பாஸ்போர்ட்டுகள், மருத்துவக் காப்பீட்டு அட்டை, மருந்துக் குறிப்பு, உங்கள் வீட்டுக் காப்பீட்டுத் தாள்கள் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில். மாமியாரின் நகைகளும் அதிலேயே. பீரோவில் வைத்துவிட்டு, வழியில் நினைவு வந்து காரைத் திருப்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்லாண்டோ திட்டத்தைத் தொட வேண்டாம். ஆனால் அறை, கார், நுழைவுச் சீட்டு எல்லாம் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. மில்டனுக்கு அங்குள்ள டிஸ்னி வேர்ல்டே கதவை மூடியது. நாத்தனார் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழையும் என்று கணிப்பு வந்தால் அவர்கள் வர வேண்டாம். விருந்தாளிகள் வந்த பிறகு வெளியேறுவது இரண்டு மடங்கு சுமை.

வீட்டைப் பூட்டும் நாளுக்கான குறிப்புகள் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். பருவம் முழுக்க கார் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். 2017இல் இர்மா புயலுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வெளியேறும் உத்தரவு போனபோது பம்புகள் வற்றிப்போயின. கையில் ரொக்கம் இருக்கட்டும். மின்சாரக் கார் இருந்தால் அதை 'பி' மண்டலத்து கராஜில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஹெலீனுக்குப் பிறகு உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் தீப்பிடித்து வீடுகளையும் எரித்தன. திரும்பி வந்து ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டுக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். புயல் கடந்த மறுநாளே திரும்ப அவசரப்படாதீர்கள். பாலங்களைத் திறந்துவிட்டார்கள், உங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்ன பிறகு பெரியவர்களை அழைத்து வாருங்கள்.

கடைசியாக, திருச்சி உறவுகள். தொலைக்காட்சியில் ஃபுளோரிடா என்ற பெயரைக் கேட்டதும் அத்தனை பேரும் உங்களை அழைப்பார்கள். செல் கோபுரங்கள் திணறும் நேரத்தில் அழைப்புகள் போகாது, குறுஞ்செய்தி போகும். நாத்தனார் ஒருவருக்கு மட்டும் காலையும் மாலையும் ஒரு செய்தி அனுப்புங்கள். ஊருக்குச் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்கட்டும். இதையும் இப்போதே அவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.